பலவேசம் குடித்த லேசான தண்ணீர்

உப்பங்கரையில் முதன்முதலில் தரையை விட்டு எழும்பியது ஜெயசீலி டீச்சர்தான், அதில் யாருக்கும் மாற்றுப் பேச்சு கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தூக்குவாளியோடு பால் வாங்க வந்தவள், படியை விட்டு இறங்காமல் படிக்கும் தெருவுக்கும் நடுவே காற்றிலேயே நின்றாள். சேலையின் கீழ்க்கரை புழுதியில் படாமல் ஆடிக்கொண்டிருந்தது. பால்காரர் அண்ணாந்து பார்த்து, அளந்து ஊற்றி, "டீச்சருக்கு இனிமே செருப்புச் செலவு கெடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதைத் தண்ணீர் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். சுற்றிலும் உப்பளம், நடுவில் போர்க்குழாய், பின்னே அது இளநீராகவா வரும்? சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது, துவரம்பருப்பு அடுப்பில் அரை நாள் கிடந்தாலும் மசியாது, குழாயின் மூக்கில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும், வாக்கப்பட்டு வந்த மருமகள்கள் சீப்போடு வரும் முடியைப் பார்த்துப் பிறந்த ஊரை நினைத்து மூக்கைச் சிந்துவார்கள். அப்படிப்பட்ட தண்ணீரைப் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து குடித்துக் குடித்துக் கனத்துப்போன ஜனம் அது. ஐப்பசிக் காற்றில் கூரை பறக்கும், கூடை பறக்கும், ஆள் மட்டும் அசையமாட்டான். அந்தக் கனத்தைத்தான் டீச்சர் வீட்டுச் சுவரில் புதிதாக மாட்டிய தண்ணீர் மெஷின் தனியாகப் பிரித்து எடுத்து, ஒரு குழாய் வழியே வாளியில் ஊற்றிவிட்டது. கனம் போன பிறகு உடம்பு எழும்பாமல் என்ன செய்யும் என்று ஊர் கேட்டது, அத்தோடு விசாரணை முடிந்தது.

பிறகு ஒவ்வொரு வீடாக மெஷின் வந்தது, ஒவ்வொரு வீடாக ஆட்கள் எழும்பினார்கள், ஊர் அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. டவுன் பஸ் கண்டக்டர் "மெதக்கவங்கெல்லாம் பின்பக்கம் போங்க, கம்பிய விட்டா நான் பொறுப்பில்ல" என்று கத்தப் பழகினார். அம்மன் கோயில் தர்மகர்த்தா, விழுந்து கும்பிடுகிறவர்கள் ஒரு விரலாவது தரையில் படும்படி கும்பிட வேண்டும் என்று மைக்கில் அறிவித்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால் பெண் வீட்டில் என்ன மெஷின் என்று கேட்டார்கள், தாலி கட்டும்போது ஒருத்தர் மேலேயும் ஒருத்தர் கீழேயும் நின்றால் போட்டோவில் நன்றாகவா இருக்கும்? ஜெயசீலி டீச்சர், பள்ளிக்கூடம் கட்டிய நாளிலிருந்து யாரும் எழுதாத கரும்பலகையின் மேல் ஓரத்தில் அன்றைய தேதியை எழுதினாள். தரையில் இறங்கி ஆக வேண்டிய வேலை என்றால், மெஷின் கழித்துத் தள்ளிய கனத்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். எந்த வீட்டிலும் அந்தக் கழிவுத் தண்ணீரைக் கீழே கொட்டுகிற வழக்கம் இல்லை. வாளியில் பிடித்து வீடு துடைத்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள், மிச்சத்தை இப்படி இடுப்பில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள்.

நடுத்தெருவில் ஜாக்கெட் தைக்கிற சந்தனமாரிக்கு இதிலெல்லாம் நல்ல வரும்படிதான், ஊரில் பாதிப் பெண்களுக்கு உள்பாவாடையைக் கணுக்கால் மறைய ஒரு சாண் நீட்டிக் கொடுத்தாள். ஆனாலும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் புருஷன் பலவேசம், உப்பு லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடைமேடையில் வேலை பார்க்கிறவர், பங்குனியில் படுத்த படுக்கையானார். கல் வந்து கல் வந்து ஒரு கிட்னியையே எடுக்கும்படி ஆயிற்று. டவுன் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் போர்த்தண்ணி இனி ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதும்மா. இன்னொரு கல்லு வந்தா இருக்கிற ஒண்ணும் போயிடும். வீட்டுல நல்ல ஆர்ஓ மெஷினா பாத்துப் போடுங்க" என்றார்.

"அந்தத் தண்ணி குடிச்சா மெதப்பாங்களே டாக்டர்?"

"மெதக்கிறது என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா. கல்லுதான் என் டிபார்ட்மெண்ட்."

பாவம், அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் பலவேசத்தின் சட்டைகளைப் பக்கத் தையலில் பிடித்துப் பிடித்துச் சிறுசாக்கியவள் சந்தனமாரி. அந்த உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவள் கைக்குத் தெரியும். நல்ல தாட்டியமான டீச்சரே முழங்கால் உயரம் எழும்பும்போது, எலும்பும் தோலுமான இந்த மனுஷன் அந்தத் தண்ணீரைக் குடித்தால் எங்கே போய் நிற்பார்? மேகத்திலா? போர்த்தண்ணீர் கொடுத்தால் மண்ணுக்குள் போய்விடுவார், மெஷின் தண்ணீர் கொடுத்தால் ஆகாசத்துக்குப் போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் தன்னிடம் இருக்கமாட்டார். கேன் தண்ணீர் வாங்கலாம்தான். உப்பங்கரைக்கு வருகிற கேனில் பாதி, அதே போர்த்தண்ணீரை நிரப்பி மூடி போட்டது என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி.

அவள் மெஷின் தேர்ந்தெடுத்த கதையை உப்பங்கரையில் இன்றைக்கும் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ராஜகனி அண்ணாச்சி கடையில் மெஷின்கள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நிற்கிற மாதிரி வரிசையாக நின்றன. டை கட்டிய விற்பனைக்காரப் பையன் ஏழு ஸ்டேஜ், எட்டு ஸ்டேஜ், காப்பர், அல்கலைன் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்க, அவள் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"சரி தம்பி. உள்ள இருக்க மெம்பரேன மாத்தணும்னா ஆளு கூப்பிட்டா வருவானா, கூப்பிட்டுக்கிட்டே இருக்கணுமா? கரண்டு போனா தண்ணி வருமா? இந்த டேங்க்க நானே தொறந்து கழுவ முடியுமா? கழிவுத் தண்ணி ஒரு குடத்துக்கு எத்தன குடம் போகும்?"

பையன் டையைத் தளர்த்திக்கொண்டான். ராஜகனி அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து, அவளுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காரு தாயி, எல்லாரும் கலர் பாத்துல்ல வாங்கிட்டுப் போறாவ" என்றார்.

"எது எவ்வளவு தூக்கும் அண்ணாச்சி?"

"அத மட்டும் கம்பெனிக்காரன் எழுதலயே தாயி!"

எழுதாவிட்டால் என்ன, அளந்து பார்த்தால் போச்சு. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற அதே டேப்போடு வீடு வீடாகப் போய், மிதக்கிற ஆளின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே டேப்பைப் பிடித்தாள். டீச்சர் வீட்டு எட்டு ஸ்டேஜ், முழங்கால் வரை. காய்கறிக் கடைக்காரர் வீட்டுக் காப்பர், ஒரு முழம். கடைசியாகப் போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். ஊரிலேயே அங்கேதான் மெஷினைச் சுவரில் மாட்டாமல் சிங்க்குக்கு அடியில், கதவு போட்ட அலமாரிக்குள் உட்கார வைத்திருந்தார்கள். போஸ்ட்மாஸ்டரின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல்கூட இல்லை. மேலே மாட்டிய மெஷின் மேலே தூக்கும், கீழே வைத்த மெஷின் கீழேயே வைத்திருக்கும் என்று தெருவில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு, அது இப்போது டேப்பில் நிரூபணமாகிவிட்டது. சந்தனமாரிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான்கு விரல்தானே, பலவேசத்துக்கு ஒரு முழமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு முழத்தில் இருக்கிற புருஷனோடு குடும்பம் நடத்த முடியாதா?

அடுத்த வாரமே சிங்க்குக்கு அடியில் இருந்த கேஸ் சிலிண்டர் வெளியே போனது, மெஷின் உள்ளே வந்தது. மாட்ட வந்தவன் கழிவுக் குழாயை நேரே சாக்கடைக் குழாயில் சொருகப் பார்த்தான், கீழே வைக்கிற மெஷினுக்கு அப்படித்தானாம். "அதெல்லாம் ஆகாது, கதவுல ஒரு ஓட்டையப் போட்டு வெளிய கொண்டா, வாளி வைக்கணும்" என்று அவள் நின்ற நிற்பில் அவன் டிரில்லை எடுத்தான். போகும்போது ஒரு சிறு திருகையும் காட்டினான். அதைத் திருகினால் பழைய தண்ணீர் கொஞ்சம் உள்ளே கலக்குமாம், ருசி வேண்டும் என்கிறவர்களுக்கு.

காலை வெயிலில் பலவேசம் பின்பக்கம் துவைக்கிற கல்லருகே நின்று முதல் டம்ளரைக் குடித்தார். "என்னட்டி இது, தொண்டையில ஒண்ணுமே போகாத மாதிரி இருக்கு" என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார், சந்தனமாரி வாங்கக் கையை நீட்டினாள், டம்ளர் அவள் கைக்கு எட்டவில்லை. மதில் சுவர் கீழே போனது, முருங்கை மரம் கீழே போனது, பலவேசம் டம்ளரோடு மேலே போய்க்கொண்டே இருந்தார். அவள் போட்ட கூச்சலில் தெரு திரண்டு வருவதற்குள், துணி காயப் போட்டிருந்த கொடிக்கயிற்றை இரண்டு உள்பாவாடையோடு அப்படியே அறுத்து வீசினாள். அவர் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார், அவள் மறு நுனியைத் துவைக்கிற கல்லில் சுற்றினாள். "ஏயப்பா, பலவேசம் அண்ணாச்சி என்னா உசரம்!" என்று ஊர் ஒரே குரலில் மெச்சியது.

அப்போதுதான் போஸ்ட்மாஸ்டரும் வேடிக்கை பார்க்க வந்தார், வாசல் நிறைய வந்தார். அந்த மனுஷனைத் தூக்க ஒரு மெஷின் போதுமா? உடம்பை அளந்தே சோறு சாப்பிடுகிறவள் சந்தனமாரி, பாதத்துக்குக் கீழே உள்ள காலியிடத்தை அளந்தாளே தவிர, நிமிர்ந்து அந்த வயிற்றை ஒருமுறை பார்க்காமல் போய்விட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

பலவேசத்தை இழுத்து இறக்கி, இடுப்பின் இரண்டு பக்கமும் கழிவுத் தண்ணீர் கேனைக் கட்டிப் பார்த்தார்கள். கேனையும் தூக்கிக்கொண்டு எழும்பினார். கடைசியில் ஜன்னல் கம்பியில் கட்டிப் போட்டுவிட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள், மெஷினே வாங்காமல் தரையில் நிற்கிறவள், சமையலறைக்குள் வந்து ரகசியமாகச் சொன்னாள். "அந்தத் திருகு இருக்குல்லா மதினி, அத ஒரு சுத்து திருகு. கொஞ்சம் உப்பு உள்ள போகட்டும். மனுசன் தரைக்கு வந்துருவாரு."

சந்தனமாரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில் குத்தவைத்தாள். அலமாரிக்குள் மெஷின் ஒரு வண்டுபோல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. திருகு கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. ஒரு சுற்று. அவர் பக்கத்தில் வந்து நிற்பார், பாயில் பக்கத்தில் படுப்பார், சந்தைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து வருவார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் வலியில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்ததும் அவளுக்கு நினைவில் வந்தது. ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தாள். பிறகு அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு எழுந்தாள்.

"மெதக்கதுக்குக் கயிறு இருக்கு மதினி, எங்கையில. கிட்னிக்கு எந்தக் கயிறக் கட்ட?" என்றாள்.

அடடா, என்ன பொம்பளை! அதோடு விட்டாளா, அந்த மெஷின் தண்ணீரில் தான் ஒரு மடக்குக்கூடக் குடிப்பதில்லை என்றும் முடிவு செய்தாள். நானும் எழும்பிட்டா இவர யாரு புடிக்க என்று, அதே போர்த்தண்ணீரை, அதே பருப்பு வேகாத தண்ணீரை, தனக்கு மட்டும் தனிக் குடத்தில் பிடித்து வைத்துக் குடித்தாள்.

அப்படி ஒரு வருஷம் போனது. ஜாக்கெட் லைனிங் துணியை நான்காக மடித்து அவருக்கு ஒரு இடுப்புப் பட்டை தைத்தாள், அதில் கயிற்றை முடிந்தாள். காலையில் அவள் தெருவில் நடப்பாள், அவர் வேப்பமர உயரத்தில் கூடவே வருவார், மின்சாரக் கம்பி வருகிற இடத்தில் இழுத்து இறக்குவாள், கம்பியைத் தாண்டியதும் விடுவாள். எடைமேடை அறையில் கூரை இருந்ததால் அங்கே கவலையில்லை. பலவேசம் கூரையோடு முதுகை ஒட்டிக்கொண்டு கீழே எண்களைப் பார்த்து எடைச் சீட்டு எழுத, லாரி டிரைவர்கள் அண்ணாந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்று சப்பரத்தின் உச்சிக்கு ஏணி இல்லாமல் மாலை போட்டவர் அவர்தான். "என்ன மாரி, புருசன மேய்க்கப் போறியாக்கும்?" என்று குழாயடியில் ஒருத்தி கேலி பேசினாள். "எம் புருசன் எங்க நிக்காருன்னு அண்ணாந்து பாத்தா தெரியும். ஒம் புருசன் சாயங்காலமானா எங்க நிக்காருன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று சந்தனமாரி கேட்டாள், கயிற்றை ஒரு சுண்டு சுண்டிக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் காற்று வாங்கக் கயிற்றை மொட்டைமாடி உயரத்துக்கு விட்டு, நுனியைத் தையல் மெஷின் காலில் கட்டிக்கொண்டு தைப்பாள். அதற்கு மேல் ஒரு சாண் விடமாட்டாள். அவரும் ஒரு நாளும் இன்னும் விடு என்று கேட்டதில்லை, தன் மேல் உள்ள கரிசனம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "என்ன தெரியுது?" என்று கீழிருந்து கேட்பாள். "கடலு தெரியுது மாரி. ரெண்டு கப்பலு நிக்கி. ஒண்ணு வெள்ள" என்று மேலேயிருந்து பதில் வரும். பக்கத்திலேயே கடல் இருந்தும் கடையும் வீடுமாகக் கிடந்தவளுக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். கப்பல் நகர்ந்ததா, எந்தப் பக்கம் போனது, மேலே பறவை பறக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள், அவரும் ஒவ்வொன்றாகச் சொல்வார்.

அடுத்த பங்குனியில் டாக்டர் ஸ்கேன் எடுத்தார். பலவேசத்தைப் படுக்க வைக்க இரண்டு நர்ஸ்கள் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, "கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. கிட்னி பளிச்சுன்னு இருக்கு. யாரும்மா மெஷின் பாத்து வாங்கினது?" என்று கேட்டார். சந்தனமாரி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். பேருந்தில் வரும் வழியெல்லாம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அழுதுகொண்டே வந்தாள்.

செய்தி அவர்களுக்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. வாசலில் இசக்கியம்மாள் கையில் டம்ளரோடு நின்றாள், பின்னால் ஜெயசீலி டீச்சர் இடுப்பில் பாட்டில் கட்டிக்கொண்டு தரையில் நின்றாள், இன்னும் நான்கைந்து பெண்கள் நின்றார்கள்.

"குடி மதினி" என்றாள் இசக்கியம்மாள். "ஒரு வருசமா வீட்டுக்குள்ள நல்ல தண்ணிய வச்சிக்கிட்டு உப்பத் தின்னுட்டுக் கெடக்க."

"அவரு மேல நிக்காருல்லா, கயிறு..."

"கயித்த எங்ககிட்டக் குடு. நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

டீச்சர் அவள் கையிலிருந்து கயிற்றைப் பிரித்து வாங்கினாள். வருஷம் முழுக்கப் பிடித்ததில் விரல்கள் மடங்கியே போயிருந்தன. சந்தனமாரி டம்ளரை வாங்கிக் குடித்தாள். ஒன்றுமே குடிக்காத மாதிரி இருந்தது. இன்னொன்று கேட்டாள், இன்னொன்றும் கேட்டாள். தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த உடம்புதானே, பாதம் தரையை விட்டது தெரியாமல் விட்டது. கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுக்கூரைகளைத் தாண்டி, வேப்பம்பூ வாசத்தைத் தாண்டி, மேலே மேலே போய்ப் புருஷன் பக்கத்தில் நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் தோளும் அவள் தோளும் ஒரே உயரத்தில் இருந்தன. பலவேசம் அவள் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார்.

சந்தனமாரி ஆசையோடு கிழக்கே பார்த்தாள். கிழக்கே உப்புக் குடோனின் தகரக் கூரை நின்றது. நீளமாக, உயரமாக, வானம் வரைக்கும் குடோன். அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் டேங்குகள், காயப் போட்ட துணிகள், வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள். வேறொன்றும் இல்லை.

"ஏங்க, கடலு எங்க?"

திரும்பிப் பார்த்தாள். பலவேசம் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

"கப்பலு நிக்குன்னீங்களே? வெள்ளக் கப்பலு?"

"நான் எங்கட்டி கப்பலக் கண்டேன்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "மேல வந்தாலே எனக்குக் குலை நடுங்கும். சொன்னா நீ அந்தத் திருகத் திருகிருவியோன்னு சொல்லல. அப்பப்ப கண்ணத் தொறப்பேன். நீ கயித்த வச்சிருக்கியான்னு கீழ பாத்துட்டு மூடிக்கிடுவேன்."

சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, எது எதுவென்று தெரியவில்லை. ஒரு வருஷம், இந்த மனுஷன் ஒவ்வொரு சாயங்காலமும் பயத்தில் செத்துப் பிழைத்துக்கொண்டே தனக்காக ஒரு கடலைக் கட்டிச் சொல்லியிருக்கிறார். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கீழே குனிந்து, உப்பங்கரை முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள்.

"இசக்கி மதினி! கயித்த விடுங்க!"

"எவ்வளவு?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"இருக்கது பூரா விடுங்க!"

இருந்தது பூராவும் விட்டார்கள், போதவில்லை. டீச்சர் தன் வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து முடிந்தாள், இசக்கியம்மாள் தன் வீட்டுக் கயிற்றை முடிந்தாள், நடுத்தெருவில் அன்றைக்கு ஈரத் துணியெல்லாம் வேலி மேலும் சைக்கிள் மேலும் கிடந்தது, வீட்டுக்கு வீடு கொடி அறுந்து கயிறோடு கயிறு சேர்ந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தது. தகரக் கூரை அவர்கள் இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, பாதத்துக்குக் கீழே போனது.

"இப்பத் தொறங்க" என்றாள் சந்தனமாரி. "நான் புடிச்சிருக்கேன், தொறங்க."

அவர் முதலில் ஒரு கண்ணைத் திறந்தார், பிறகு மற்றதையும் திறந்தார். தகரக் கூரைக்கு அந்தப் பக்கம், வானம் வரைக்கும் கடல் கிடந்தது.

"கப்பலு ஒண்ணையும் காணமே, மாரி" என்றார், அவள் கையை விடாமல்.